பலகையில் ஏழு கோடு

ஜனவரி 19

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? போன மாதம் நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பாய் என்று தெரியும். எடுத்துத் தேய்.

நான் நலம். தூக்கம்தான் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. இந்த முகாமில் போன் கூடாது, ஆகவே வாரம் ஒருமுறை போகிற தபால் பைதான் கதி. என் கூடாரத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன்.

பதினேழாம் தேதி மதியம் ஒரே வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். கடைசி ஆள் பாலம் கட்டும் பிரிவைச் சேர்ந்த சிப்பாய். ஈரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் முழு ஆபரேஷன் செய்வதில்லை அக்கா, அதற்கு நேரமில்லை. 'மாப்' என்று நாங்கள் சொல்லும் மடித்த துணிகளை உள்ளே வைத்து இறுக்கி ரத்தத்தை நிறுத்துவோம். வயிற்றைத் தைக்காமல் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவோம். இரண்டு நாள் கழித்து அவர்கள் திறந்து துணிகளை எடுத்துவிட்டு மிச்ச வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே எத்தனை துணி என்று அந்தத் தாளின்மேலேயே மார்க்கரில் எழுதி அனுப்புவோம். அதை நம்பித்தான் அவர்கள் எடுக்கிறார்கள்.

எண்ணுவது என் உதவியாளன் வேலை. நான் ஒரு துணியை வைத்து "ஒண்ணு" என்றால் அவனும் "ஒண்ணு" என்று திருப்பிச் சொல்லிப் பலகையில் ஒரு கோடு போடுவான். "ரெண்டு." "ரெண்டு." அதனால்தான் அவனுக்குக் கிளி என்று பெயர். கொட்டகையே பறந்தாலும் பலகையை விட்டு நகரமாட்டான்.

அன்றைக்குப் பார்த்து ரத்தப் பை தீர்ந்துவிட்டது. "ஓடுடா, பக்கத்துக் கூடாரத்துல நாலு பை வாங்கிட்டு வா" என்று கத்தினேன். "சார், எண்ணிக்கை?" என்று பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "எனக்கு எண்ணத் தெரியாதா? எங்கக்கா கணக்கு டீச்சர்டா, ஓடு!" என்றேன்.

அவன் போகும்போது பலகையில் ஏழு கோடு. அதற்கு மேல் நான் ஒன்றோ இரண்டோ வைத்தேன். அவன் மூச்சிரைக்கத் திரும்பி வருவதற்குள் தாளை ஒட்டி, என் கையாலேயே 8 என்று எழுதி முடித்துவிட்டேன். பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "எட்டுன்னு போட்டுக்கோ" என்றேன். ஒரு கோடு போட்டுப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டான். ஆனால் இரண்டு நாளாக என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. டீ டம்ளரைக்கூட ணங்கென்று வைக்கிறான். மாமியார் கெட்டாள், போ.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பி,

உன் கடிதம் கண்டு சிரித்து முடித்து, பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அதில் ஒரு வரி இல்லை. முதலில் அதை எழுது. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அதென்னடா "ஒன்றோ இரண்டோ"? என் வகுப்பில் எவனாவது இப்படி விடை எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். ஏழும் ஒன்றும் எட்டு. ஏழும் இரண்டும் ஒன்பது. ஏழும் "ஒன்றோ இரண்டோ"வும் எவ்வளவு? அக்கா கணக்கு டீச்சர் என்று பெருமை வேறு.

கிளி கோபித்துக்கொண்டது நியாயம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால், பஸ் கிளம்பும் முன் நானும் எண்ணுவேன், என்னோடு வந்த டீச்சரும் எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் ஓட்டுநர் சாவியைத் திருப்பலாம். ஒருமுறை எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பது. "எனக்கா எண்ணத் தெரியாது?" என்று நானும் உன்னைப் போலத்தான் குதித்தேன். இறங்கித் தேடினால் ஒருத்தி கழிப்பறையில் கதவு திறக்காமல் அழுதுகொண்டிருக்கிறாள். நான் யாரையோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து என் எண்ணிக்கையை நான் தனியாக நம்புவதில்லை.

கிளியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். அவனுக்கு என் அன்பைச் சொல். அந்தப் பாலம் கட்டும் சிப்பாய் பிழைத்தானா? மறக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். இங்கே எல்லாம் வழக்கம்போல. வெயில் ஏறிவிட்டது. புதுக் கூடாரத் துணி வந்திருக்கிறது, பழையதைவிடக் கனமானது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

சொல்ல வேறொன்றுமில்லை. ஆமாம், என் கடிதங்களையெல்லாம் அந்தத் தகர டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறாயா? குப்பைதானே. பூச்சி வரும். நேரம் கிடைக்கும்போது கொளுத்திவிடு.

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பி,

உடம்பு சரியில்லையா? மறைக்காமல் சொல். காயம் ஏதும் பட்டிருக்கிறதா? கையா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. பதினெட்டு வருடமாக நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் என் முழங்காலை ஒரு வாங்கு வாங்கியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் அதைக் காணவில்லை. சிப்பாய் பிழைத்தானா என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை. கிளியையும் காணோம். கூடாரத் துணிக்கு ஒரு வரி எழுதத் தெரிந்த உனக்கு, ஒரு மனிதனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

வகுப்பில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தால் நான் தலை நிமிரமாட்டேன். வழக்கமாகக் கத்துகிறவன் சும்மா இருந்தால்தான் எழுந்து போய் அவன் மேசைக்குக் கீழே பார்ப்பேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட வெறுங்கையோடு திரும்பியதில்லை.

டப்பாவில் பூச்சி இல்லை. நேற்றுத் திறந்து பார்த்தேன். வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் இல்லாத பூச்சி இப்போது எங்கிருந்து வந்தது?

சாப்பிடு. தூங்கு. உண்மையை எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அன்பு அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. கை, கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நீ வீணாகக் கற்பனை செய்யாதே. முழங்கால் எப்படி? போதுமா?

கடித விஷயம் இதுதான். வேலை விவரங்களை வீட்டுக்கு எழுதக்கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பு வந்திருக்கிறது. எழுதியவற்றைத் திரும்ப வாங்கி ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஆகவே ஜனவரி முதல் நான் எழுதியதை மட்டும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. பழையது இருக்கட்டும்.

கிளி மாற்றலாகிப் போய்விட்டான். சிப்பாய் பிழைத்துவிட்டான்.

உடனே அனுப்பு.

உன் தம்பி


ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்கு நேரில் தெரியாது. டாக்டர் சாரோடு ஆறு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவன். கிளி என்றால் தெரியும். உங்கள் கடிதங்களைத் தபால் பையிலிருந்து எடுத்து சாரிடம் கொடுப்பது நான்தான். உறையின் மேல் அச்சடித்த மாதிரி எழுதியிருப்பீர்கள். விலாசம் அப்படித்தான் மனப்பாடம் ஆனது. எனக்கும் அன்பு சொல்லியிருந்தீர்கள் என்று சார் சொன்னார். நீங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும்.

தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும். ஜனவரி பதினேழாம் தேதி சார் ஆபரேஷன் செய்த சிப்பாய்க்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாப் எடுத்தார்கள். அன்று அங்கே எக்ஸ்ரே மெஷின் பழுது. எட்டு என்று எழுதியிருந்ததால் எட்டோடு மூடிவிட்டார்கள். ஒன்பதாவது உள்ளேயே தங்கிவிட்டது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிதான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சீழ் வைத்துக் குடலில் பாதியை வெட்ட வேண்டியதாகிவிட்டது. இன்னும் படுத்த படுக்கைதான்.

பதிவேட்டில் என் கையெழுத்து இருப்பதால் தப்பு என் மேல் வந்திருக்கிறது. என்னைத் தியேட்டரிலிருந்து எடுத்து மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போட்டிருக்கிறார்கள். ஜூன் ஆறாம் தேதி விசாரணை. வேலையும் போகும், சிறையும் உண்டு என்கிறார்கள்.

நான் அப்போது ரத்தம் வாங்கப் போயிருந்தேன் என்று சொன்னேன். மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும் மயக்க மருந்தைத்தான் கவனித்தார்களாம், ஞாபகமில்லை என்கிறார்கள். சாரும் அதைப் பற்றி எழுதவில்லையாம். அன்று மூன்று பேர் வந்தார்கள் அம்மா, சார் மறந்திருப்பார். மற்றபடி அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் பார்க்கப் போனால் வேலையாக இருக்கிறார் என்று திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் கடிதத்தில் ஒரு வரி ஞாபகப்படுத்தினால் அவருக்கு நினைவு வந்துவிடும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பணிவுடன்,
கிளி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இன்று கேட்கப்போவதில்லை.

கிளி எழுதியிருந்தான். உன்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறான். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அரை நாள் நினைத்தும் பார்த்தேன். ஆனால் மறந்தவன் "ஜனவரி முதல் மட்டும்" என்று சரியாகக் கேட்கமாட்டானே. மேலிடத்துக் கண்டிப்பு என்றால் டிசம்பர் மட்டும் எப்படித் தப்பியது?

டப்பாவைத் திறந்தேன். ஜனவரி 19. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது, நீ விரட்டியது, ஏழு கோடு, நீயே எழுதிய எட்டு, எல்லாம் இருக்கிறது. "ஒன்றோ இரண்டோ"வும் இருக்கிறது. சிரித்துக்கொண்டே படித்த வரி அது. இப்போது அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, அறையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ விசாரணையில் என்ன எழுதிக் கொடுத்தாய்? அதை எனக்குச் சொல். அக்காவுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். யாரோ ஒரு டீச்சருக்குச் சொல்.

அக்கா


மே 9

அக்கா,

சொல்கிறேன். நான் பொய் எழுதவில்லை. "துணிகளை எண்ணிப் பதிவு செய்வது விதிப்படி உதவியாளரின் பொறுப்பு" என்று எழுதினேன். அது உண்மை. அந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை என்று எழுதவில்லை. அவ்வளவுதான்.

நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு நிமிடம் என் இடத்தில் நின்று பார். ஜனவரியிலிருந்து இன்றுவரை இந்த மேசையிலிருந்து இருநூற்றுப் பதினொரு பேர் உயிரோடு போயிருக்கிறார்கள். எனக்கு அடுத்த அறுவை மருத்துவர் இருப்பது நான்கு மணி நேரப் பயணத்தில். ஈரல் கிழிந்தவன் நான்கு மணி நேரம் தாங்கமாட்டான். உண்மையைச் சொன்னால் அன்றே என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள். கோடு போட இன்னொருவன் கிடைப்பான். எனக்குப் பதில் யார் வருவார்? ஒரு பக்கம் கிளி ஒருவன். இன்னொரு பக்கம் அடுத்த மாதம் வரப்போகிற எழுபது பேர். நீ கணக்கு டீச்சர். நீயே போடு.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. நம்பு.

அந்தக் கடிதத்தைக் கொளுத்து. முடியாவிட்டால் என்னிடம் அனுப்பு. வேறு யாரிடமும் காட்டாதே.

முழங்காலுக்குத் தைலம் தேய்.

தம்பி


மே 17

தம்பிக்கு,

கணக்கைப் போட்டேன். அந்த இருநூற்றுப் பதினொரு பேரில், கிளியை மாற்றும் வரை வந்தவர்களுக்கெல்லாம் எண்ணியவன் அவன்தான். அவர்களில் ஒருவர் வயிற்றிலும் துணி தங்கவில்லை. அவனை எண்ணவிடாமல் நீ எண்ணியது ஒரே ஒருவனுக்கு. அதில்தான் கணக்குத் தப்பியது. இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். உனக்குப் பதில் யார் வருவார் என்பது எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் சரியான எண் தெரியாமல் எப்படி முடிவு செய்வார்கள்?

நீ கேட்டபடி ஜனவரி 19 கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் இல்லை. யாரிடமும் காட்டவில்லை. உன் பொருள் உன்னிடம் வந்துவிட்டது. கூடாரத்தில் விளக்கும் இருக்கும், நெருப்புப் பெட்டியும் இருக்கும். விசாரணை ஆறாம் தேதி.

சின்ன வயதில் உனக்கு வீட்டுப்பாடம் நான்தான் பார்ப்பேன். விடையை நானே எழுதிக் கொடுத்ததில்லை. இப்போதும் எழுதித் தரப்போவதில்லை.

அக்கா


ஜூன் 10

அம்மாவுக்குப் பணிவான வணக்கம்.

நல்ல சேதி. என்னை விடுவித்துவிட்டார்கள். நேற்று முதல் மறுபடி தியேட்டரில் நிற்கிறேன்.

ஆறாம் தேதி காலையில் விசாரணைக்கு சார் வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, "இதைப் படியுங்க" என்றார். குழுத் தலைவர் சத்தமாகப் படித்தார். "முழங்கால் எப்படி இருக்கிறது" என்று ஆரம்பித்தது. தைலம் வரைக்கும் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். ஏழு கோடு வந்ததும் தலைவர் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை படித்தார். டீ டம்ளரை நான் ணங்கென்று வைத்ததையும் படித்துவிட்டார்கள் அம்மா, மானம் போயிற்று.

முடிந்தது என்று எழுந்தார்கள். சார் உட்காரவில்லை. "இன்னொண்ணு இருக்கு" என்று இரண்டாவது கடிதம் ஒன்றை எடுத்தார். அது நீங்கள் எழுதியது. பெஞ்சு மேல் ஏற்றுவேன் என்று வருமே, அது. உறையின் மேல் வந்து சேர்ந்த தேதி முத்திரை இருந்தது. பிப்ரவரி ஒன்பது. அதை ஏன் கொடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தலைவருக்கு விளங்கியது. அவர் முகம் மாறிவிட்டது.

வெளியே வந்து சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பதுன்னு போட்டுக்கோடா" என்றார். "போட்டுக்கறேன் சார்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளி


ஜூன் 14

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? இப்போது விசாரணைக் குழுவே அதைக் கேட்கிறது.

கிளி எழுதியிருப்பான். அவன் விட்டதை நான் சொல்கிறேன். ஏழும் "ஒன்றோ இரண்டோ"வும் எவ்வளவு என்று நீ கேட்ட கடிதம் பிப்ரவரி ஒன்பதில் என் கைக்கு வந்தது. படித்த உடனே விரல் மடக்கிப் பார்த்தேன். இரண்டாவது துணியை வைத்த கை எனக்கு ஞாபகம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அன்று மாலையே திறந்து எடுத்திருப்பார்கள். நான் அனுப்பவில்லை. அவர்களே எக்ஸ்ரேயில் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள். அந்த மூன்று நாளில்தான் அவன் குடல் போயிற்று.

என்னைக் கத்தி தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேல் விசாரணை உண்டு. யார் வருவார் என்று கேட்டேன் இல்லையா? நான்காம் நாளே வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கிளி எண்ணி முடிக்கும் வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சிப்பாயைப் போய்ப் பார்த்தேன். "உள்ள ஒன்பது இருந்துச்சு. எட்டுன்னு எழுதினது நான்தான்" என்றேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்ப தெரியும் சார் உங்களுக்கு?" என்று கேட்டான். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒன்று கேட்கிறேன். நகல் இல்லை என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. விடைத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் மதிப்பெண்ணைத் தனியே எழுதி வைத்துக்கொள்கிறவள் நீ. எப்படியும் வெளியே வரும் என்ற பயத்தில் கொடுத்தேனா, உண்மைக்காகக் கொடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரவும் பகலும் இதுதான் குடைகிறது. நகல் இருந்ததா?

உன் தம்பி


ஜூன் 25

அன்புத் தம்பி,

சாப்பிட்டாயா? சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நகல் இருந்தது. உனக்குத் தபாலில் சேர்த்த அன்று காலையிலேயே தெருமுனைக் கடையில் எடுத்தேன். குழுவின் விலாசத்தை உறையில் எழுதி, தபால்தலை ஒட்டி, பெரிய அகராதிக்குள் வைத்திருந்தேன். தீர்ப்பு கிளிக்கு எதிராக வந்திருந்தால் மறுநாள் தபால் பெட்டியில் விழுந்திருக்கும். உன்னைச் சந்தேகப்பட்டேன். உன்னிடம் பொய்யும் சொன்னேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு வேறு எதையோ சொல்லிக்கொடுத்தவள். நேற்று அந்த உறையைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பயந்து கொடுத்தாயா என்று கேட்கிறாய். என்னிடம் நகல் இருந்தது ஜனவரி 19-க்கு மட்டும். பிப்ரவரி 2 நான் எழுதியது. அனுப்பிய கடிதத்துக்கு நான் நகல் வைப்பதில்லை. எழுதியது என்ன என்பதே எனக்குப் பாதி மறந்துவிட்டது. அது எந்தத் தேதியில் உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது, பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கிளிக்கும் நினைவிருக்காது, வேறு எவருக்கும் தெரியாது. உலகத்தில் அதற்கு இருந்த ஒரே பிரதி உன் சட்டைப் பையில். அதை யாரும் கேட்கவும் இல்லை. முதல் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தால் கவனக்குறைவு என்று முடிந்திருக்கும். நீ உட்காரவில்லை.

முதல் கடிதத்துக்கு என்ன மதிப்பெண் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதை எடுத்துக் கொடுத்தவனை எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் நான் வீட்டுப்பாடம் பார்த்தேன்.

அந்த மூன்று நாளை நான் கூட்டிக் கழித்துச் சரி செய்ய முடியாது. நீயும் முடியாது. அந்தச் சிப்பாயைப் பார்க்க மறுபடி போ. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டு வா.

தைலம் தேய்க்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை. ஒன்றோ இரண்டோ அல்ல. இரண்டு.

அக்கா